பெருஞ்சாலை விட்டுப்போன சாலைகள்

நம் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் கியர் சைக்கிள்கள் பெருகிவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் பெருகியிருக்கிறது: லாரிக்குப் பயப்படாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, விடியற்காலையில் எந்தப் பக்கம் போகலாம்? வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பாதை சொல்கிறார்கள். அந்தப் பாதைகள் ஏன் அமைதியாக இருக்கின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சைக்கிளுக்காக அவற்றை யாரும் அமைதியாக விட்டுவைக்கவில்லை. போக்குவரத்து வேறு வழி பார்த்துப் போனபோது பின்தங்கி நின்றவை அவை.

திண்டுக்கல்லுக்கு ஒருநாளும் வழிகளுக்குக் குறைவில்லை. கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலை, நடுவில் உள்ள இடைவெளியில் இந்த ஊர். மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்குப் போகிறவன் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் மலைமேல் கோட்டை கட்டியதும், மைசூரிலிருந்து 1755-ல் ஐதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து உட்கார்ந்ததும் அந்த வாசலுக்காகத்தான். அப்போதைய சாலை என்பது படையும் மாட்டு வண்டியும் போன மண்தடம். வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்த விருப்பாச்சி, இன்றைக்கும் பழனி செல்லும் வழியில்தான் இருக்கிறது.

முதல் மாற்றம் ரயிலோடு வந்தது. திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பாதை 1875-ல் திறக்கப்பட்டது. நெடுந்தூர வண்டிப் பயணம் மெல்ல ரயிலுக்கு மாறியது. வண்டிக்காரர்களுக்கு மிஞ்சியது ஊரிலிருந்து ஸ்டேஷன் வரையிலான சாலை. கொடைக்கானல் போகிற துரைமார்கள் அம்மையநாயக்கனூரில் (இன்றைய கொடைரோடு) இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். மலைக்கு மோட்டார் சாலை வந்ததும் அந்தத் தடமும் ஓய்ந்தது. 1928-ல் பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தபோது பழனி பக்தர்களில் ஒரு பகுதியினர் ரயிலுக்குப் போனார்கள். நடந்தவர்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அதற்குப் பின் வந்ததுதான் சைக்கிளின் காலம். நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீமையிலிருந்து வந்த ராலேயும் ஹெர்குலிஸும் முதலில் பணக்காரர் வீட்டுப் பொருள். சென்னை அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கி, இங்கேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்த பிறகுதான் வாத்தியாரும் போஸ்ட்மேனும் பால்காரரும் ஏறினார்கள். சைக்கிளுக்கு வரி கட்ட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக உலோக வில்லை தருவார்கள். இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் ஏற்றினாலும் போலீஸ் பிடிக்கும். காசில்லாதவர்களுக்கு மணிக்கணக்கு வாடகைக் கடை. சின்னாளபட்டிச் சேலை மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனவர்களுக்கு, இன்று நாம் உடற்பயிற்சிக்காகத் தேடும் அதே சாலைதான் பிழைப்பு.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்காமல் விட முடியாது. நமக்கு அதிகத் தூரமில்லாத புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக இருந்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பெண்கள் ஏறி ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்ட முடிந்ததற்குத் துணிச்சல் முதல் காரணம். கிராமத்துச் சாலையில் வேகமான வண்டி குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2001-02-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் பிளஸ் ஒன் மாணவர் எல்லோருக்கும் விரிந்த அரசின் இலவச சைக்கிள் திட்டத்துக்கும் இது பொருந்தும். சைக்கிள் கொடுத்தால் போதாது. அது போய்வரப் பயமில்லாத சாலையும் வேண்டும்.

இரண்டாவது மாற்றம் நம் கண்ணெதிரில் நடந்தது. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போன பழைய என்.எச். 7, இந்தப் பகுதியில் நான்குவழிச் சாலையானது. 2010-ல் எண்கள் மாறியபோது 44 ஆனது. லாரிகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. ஊருக்குள் ‘பழைய கரூர் ரோடு’ என்று ஒன்று இருப்பது தெரியும். ‘பழைய’ என்று பெயர் வந்தால் அந்தச் சாலை பணி ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைப்போம். அதற்கு மட்டும் ஏனோ இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை!

அமைதி மிஞ்சியிருப்பது கிளைச் சாலைகளில். செம்பட்டி வரை பெரிய சாலையில் பொறுத்துக்கொண்டு, ஆத்தூர் பக்கம் திரும்பினால் காமராஜர் அணை வரை தோப்பும் வயலுமாகப் போகும். நம் ஊருக்குக் குடிநீர் தரும் அணை அது. சிறுமலைச் சாலை நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஏற முடிந்தவர்கள் ஏறலாம். இறங்கும்போது பிரேக்கை நம்பாதவர்கள் அடிவாரத்தோடு திரும்பிவிடுவது நல்லது. மலை வாழைக்குப் பெயர்போன அந்த மலையில், தோட்டத்து விளைச்சலைச் சுமக்கும் குதிரைகளை இன்றும் பார்க்கலாம்.

வடக்கே அய்யலூர்ப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கடவூர் மலைகளை ஒட்டிய 11,806 ஹெக்டேர் காட்டை, 2022 அக்டோபரில் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். தேவாங்கு இரவில் கிளைவிட்டுக் கிளை தாவாமல், மெல்லப் பிடித்துப் பிடித்து நகரும் பிராணி. சாலையின் இரு புறத்து மரங்களும் மேலே கைகோத்திருந்தால் அது கீழே இறங்காமலே கடந்துவிடும். மரம் போனால் தாரில் இறங்கித்தான் ஆக வேண்டும். வண்டி வந்தால் ஒதுங்க அதற்கு வேகம் கிடையாது. அந்தப் பக்கம் இருட்டிய பிறகு சைக்கிளானாலும் போகாதீர்கள்.

நம் பழைய சாலைகளின் புளிய மரங்களில் எண் எழுதியிருக்கும். ஆண்டுதோறும் புளியை ஏலம் விடுவார்கள். அகலப்படுத்தும் வேலை வந்தால் முதலில் போவது இவைதான். நான்குவழிச் சாலைக்காக எத்தனையோ போய்விட்டன. வளரும் ஊருக்குச் சாலை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் லாரியைப் புதுச் சாலைக்கு அனுப்பிய பிறகும் பழைய சாலையை அகலப்படுத்தி மரத்தை வெட்டுவது எனக்குப் புரியாத கணக்கு. ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் நான்குவழிச் சாலை புதிய தடத்தில் அமைகிறது. அதனால் பழைய பழனிச் சாலையின் சில பகுதிகள் இனி ஓய்வு பெறக்கூடும். அவற்றின் மரங்களைப் பற்றி நெடுஞ்சாலைத் துறைக்கு இப்போதே எழுதிக் கேட்பதென்றால், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்கு முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இரவும் பகலும் காவடியோடு பாத யாத்திரைக் கூட்டம் வந்துகொண்டிருக்கும். போயே ஆக வேண்டுமென்றால் மணியடித்து அவர்களை ஒதுக்காமல், சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். ரயிலும் லாரியும் வருவதற்கு முன்பே அந்தச் சாலை அவர்களுடையது.