காது வழியே வந்த பிரெஞ்சு

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது ரஞ்சன்குடி கோட்டை. 1751-ல் சந்தா சாகிப்புக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையும், முகமது அலிக்குத் துணையாக வந்த ஆங்கிலேயப் படையும் இந்தப் பகுதியில்தான் மோதின. அருகிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரால் இதை வால்கொண்டா போர் என்பார்கள்.

பீரங்கியோடு வந்த பிரெஞ்சு மொழி இந்தப் பக்கம் தங்கவில்லை. அது தங்கிய இடம் புதுச்சேரி. அங்கே இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசியவர்கள் துபாஷிகள், அதாவது இருமொழிக்காரர்கள். அவர்களில் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுக்காரர்களின் பெயருக்கு முன்னால் "முசே" என்று வரும். "ஐயா" என்று பொருள்படும் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தால் "மொன்சியூர்" என்றுதான் வரும். நாட்குறிப்பில் இருப்பதோ காதில் விழுந்த சொல்.

இதே பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கற்றவர், அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர். இத்தாலியரான அவர், எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பதைக் கண்டுகொண்டார். பேச்சுத் தமிழுக்கென்றே 1728-ல் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்கு எழுதியது வேறொரு நூல்.

பின்னாளில் இதையே இயந்திரம் செய்தது. 1901-ல் லண்டனில் தொடங்கிய லிங்குவாபோன் நிறுவனம், மெழுகு உருளையிலும் பிறகு இசைத்தட்டிலும் மொழிப் பாடங்களைப் பதிந்து விற்றது. 1960-களில் அமெரிக்கப் பேராசிரியர் பால் பிம்ஸ்லர் ஒலிப்பாடங்களைத் தயாரித்தார். 1967-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கணக்கு எளிமையானது. புதிய சொல்லை 5 விநாடி கழித்துக் கேட்க வேண்டும். பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மறக்கப் போகும் நேரத்தில் நினைவுபடுத்தினால் சொல் மனதில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கருத்து.

பிரெஞ்சில் புதிதாகச் சேருபவர்களைப் பயமுறுத்துவது மூக்கொலி. "நல்ல" என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை எழுத்துப்படி வாசித்தால் "பொன்" போல வரும். ஆனால் பேசும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொடாது, "ன்" மூக்கிலேயே கரைந்துவிடும். தமிழருக்கு இது புதிதா? "மரம்", "வந்தான்" என்று வீட்டில் பேசுகிற வேகத்தில் சொல்லிப் பாருங்கள். "மரம்" என்பதில் உதடு மூடுவதில்லை, "வந்தான்" என்பதில் நாக்கு தொடுவதில்லை. இரண்டும் மூக்கில்தான் முடிகின்றன. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற பழக்கமும் தமிழருக்குப் பிறப்பிலிருந்தே உண்டு.

ஆகவே பிரெஞ்சு வகுப்பு இல்லாத சிற்றூர் மாணவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பாதிப் பயிற்சி ஏற்கெனவே அவர் வாயிலேயே இருக்கிறது. முதலில் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லி, அதன் பிறகு எழுத்தைப் பார்த்தால் போதும்.