பன்னிரண்டு பவுண்டு

சங்கிலி ரம்பத்தின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அங்கேயே தொடங்குகிறேன். 1927இல் ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஒன்றை டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அதன் எடை 58 கிலோ. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அந்த மலையின் பெயரே பிறகு அவருடைய நிறுவனத்தின் பெயராகிவிட்டது. 1929இல் அண்ட்ரேயாஸ் ஸ்டீல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ.

என்னிடம் இருப்பது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவில் வந்தது. பெயரில் இருக்கும் 12 அதன் எடைதான். சங்கிலியும் அது சுற்றி ஓடும் இரும்புப் பட்டையும் இல்லாமல் 12 பவுண்டு, ஏறக்குறைய 5.4 கிலோ. முப்பத்தைந்து ஆண்டுகளில் இரண்டு ஆள் சுமை ஒரு கையில் தூக்குகிற சாமான் ஆகிவிட்டது. இது எப்படி நடந்தது என்பது ரம்பத்தைப் பிரித்துப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எடை குறையக் குறைய வேறொன்று கூடிக்கொண்டே வந்தது என்பதும் அப்போதுதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். செயின்சா பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், “அது பிரசவம் பார்க்கக் கண்டுபிடிச்சதாமே!” என்பார். டிக்டாக் புண்ணியம். பாதி உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் இடுப்பெலும்பை அறுக்க மெல்லிய சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இரு முனையிலும் பிடி வைத்துக் கையால் இழுப்பது. மரம் வெட்டும் இயந்திரத்துக்கும் அதற்கும் ‘சங்கிலி’ என்ற சொல்லைத் தவிர பெரிய உறவில்லை.

என்னிடம் இருப்பதை ஒரு ரம்பம் என்று சொல்வதைவிட ஒன்றரை ரம்பம் என்பதே சரி. பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய எக்ஸ்எல்-12 ஒன்று. கார்பரேட்டரும் ஸ்டார்ட்டர் மூடியும் மட்டும் தேறிய சூப்பர் எக்ஸ்எல் ஒன்று. இரண்டும் ஒரே குடும்பம், பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். புதிய பாகம் தேடுவதில் பயனில்லை. ஹோம்லைட்டை 1955இல் டெக்ஸ்ட்ரான் வாங்கியது, 1994இல் ஜான் டியர் வாங்கியது, பிறகு மீண்டும் கை மாறியது. இப்படிக் கை மாறிய கம்பெனியின் பழைய சாமான் செத்த ரம்பங்களுக்குள்தான் கிடைக்கும்.

முதலில் உடல். எக்ஸ்எல்-12இன் உடல் மெக்னீசியம் வார்ப்பு. அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் என்றால் மெக்னீசியம் 1.74 தான். எடை குறைந்த ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது. ஆனால் நம்ம ஊர் ஈரத்துக்கு மெக்னீசியம் ஆகாது. எஃகுத் திருகு தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் அது தன்னையே தின்று வெள்ளைப் பொடியாகக் கொட்டும். ஆறு திருகுகளைக் கழற்ற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி சூடு காட்டி. அவசரப்பட்டால் திருகு வராது, உடல்தான் உடையும்.

அடுத்து கார்பரேட்டர். பழைய பெரிய ரம்பங்களில் மிதவை வைத்த கார்பரேட்டர் இருந்தது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போல. சாய்த்தால் பெட்ரோல் ஒழுங்காகப் போகாது. ஆகவே மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது இஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அறுக்கும் பட்டையை மட்டும் திருப்ப வேண்டியிருந்தது. மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்று துடித்துப் பெட்ரோலை இழுக்கும் கார்பரேட்டர் 1950களில் ரம்பங்களில் பரவியது. டில்லட்சன் என்ற பெயர் இதில் முக்கியம். தலைகீழாகப் பிடித்தாலும் இஞ்சின் ஓடும். ஒரு மனிதன் ஒரு ரம்பத்தோடு மரத்தைச் சுற்றி வர முடிந்தது இந்தச் சவ்வால்தான். என்னுடையது காய்ந்த அப்பளம் போல இருந்தது. புதிய சவ்வு மட்டும் வெளியில் வாங்கினேன்.

சங்கிலியின் கதை எல்லாருக்கும் பிடித்த கதை. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்றைக் கவனித்தார். அது இடதும் வலதுமாகத் தாடையை அசைத்து நார் எந்தப் பக்கம் ஓடினாலும் மரத்தைத் தின்றுகொண்டே போனது. அதைப் பார்த்து, இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கும் பற்கள் கொண்ட சங்கிலியைச் செய்து 1947இல் விற்கத் தொடங்கினார். அதுவரை சங்கிலிகள் மரத்தைப் பிராண்டின. காக்ஸின் சங்கிலி சீவியது. இன்று கடையில் விற்கும் சங்கிலியும் அதன் வாரிசுதான். அடுத்த பெயர் ராபர்ட் மெக்கல்லக். 1949இல் இவருடைய 25 பவுண்டு ரம்பம் வந்தது. லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனா பாலைவனத்தில் கட்டியவரும் இவரேதான். ரம்பத்தில் அவ்வளவு காசு இருந்திருக்கிறது.

1959இல் ஸ்டீலின் கொன்ட்ரா வந்தது. இதில் பற்சக்கரப் பெட்டி இல்லை. இஞ்சினின் சுழற்சி நேராகச் சங்கிலிக்குப் போனது. இன்னும் சில கிலோ குறைந்தது, சங்கிலியின் வேகமும் கூடியது. வரலாறு சொல்பவர்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

பொறியியல் படித்தவனுக்கு இங்கேதான் உறுத்தும். ஒற்றை பிஸ்டன் இஞ்சின் ஆடாமல் ஓடாது. மேலும் கீழும் போகிற பிஸ்டனை முழுமையாகச் சமன்செய்ய வழியில்லை. 46 கிலோ இயந்திரத்தில் அந்த ஆட்டத்தை இயந்திரத்தின் கனமே விழுங்கிக்கொள்ளும். 5 கிலோ இயந்திரத்தில் விழுங்க எதுவும் இல்லை. விசை அதேதான், நிறை குறைவு, ஆகவே முடுக்கம் அதிகம். இது படிவம் நான்கு இயற்பியல். எக்ஸ்எல்-12இன் முன்கைப்பிடி உடலோடு நேராகத் திருகப்பட்ட குழாய். நிமிடத்துக்கு 7000 சுற்று ஓடினால் விநாடிக்கு 117 முறை கை குலுங்கும்.

குளிர் நாடுகளில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் காட்டுக்குப் போகும் தொழிலாளியின் விரல்கள் குளிர் பட்டதும் மெழுகு போல வெளுத்தன. ஆங்கிலேயர்கள் ‘வெள்ளை விரல்’ என்றார்கள்; ஜப்பானியர்கள் வெண்மெழுகு நோய் என்று பெயர் வைத்தார்கள். 1960களில் ஜப்பானில் இது பெரும் பிரச்சினையாகி, வனத் தொழிலாளர் சங்கம் போராடி, ரம்பம் பிடிக்கும் நேரத்தை நாளுக்கு 2 மணியாகக் குறைக்க வைத்தது. அதே காலத்தில்தான் இஞ்சினையும் கைப்பிடியையும் பிரித்து நடுவில் ரப்பர் துண்டுகள் வைத்த ரம்பங்கள் சந்தைக்கு வந்தன. அந்த ரப்பர் துண்டுகளுக்குக் கண்டுபிடிப்பாளர் என்று புழு கதை போல ஒரு கதை கிடையாது. வெளுத்த விரல்கள்தான் காரணம்.

இங்கே? மலாயாக் காடுகளில் பெரிய மரத்தை பெலியோங் என்ற சிறு கோடரியால், வேர்ப் பலகைகளுக்கு மேலே பரண் கட்டி நின்று வெட்டினார்கள். போருக்குப் பிறகு அந்த இடத்துக்குச் செயின்சா வந்தது. தோட்டங்களிலும் வந்தது. ஒரு ரப்பர் மரத்தின் காலம் ஏறக்குறைய 25, 30 வருடம். பிறகு மறுநடவு, அல்லது செம்பனை. ‘மரம் வெட்டுறது’ என்றால் நம் தோட்டத்து ஆட்களுக்குப் பால் எடுப்பது. பாட்டி, “மரம் வெட்டப் போறேன்” என்று சொன்னால் மரம் அப்படியே நிற்கும். அதே சொல் அதன் நேர்ப்பொருளுக்குத் திரும்பியது குத்தகைக்காரனின் ரம்பத்தோடுதான்.

என் மாமா அப்படி ஒரு குத்தகைக்காரனிடம் பத்துப் பன்னிரண்டு வருடம் ரம்பம் பிடித்தவர். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் ரம்பத்தின் ‘பாயிண்ட்’ இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிறு திருகை எடுத்துத் தரச் சொன்னேன். மூன்று முறை நழுவியது.

“கை மரத்துப் போவும்யா. அப்பவே அப்படித்தான். ராத்திரி ஊசி குத்தற மாதிரி இருக்கும், உதறிட்டுப் படுத்துக்குவோம்.”

“வெரலு வெளுத்துச்சா மாமா?”

“வெளுக்கிறதா? இந்த வெயில்லயா?”

அவர் சொன்னது சரிதான். அதிர்வால் வரும் இந்த நோயில் விரல் வெளுப்பது குளிர் தூண்டும் அறிகுறி. வெப்ப நாட்டில் அது அரிதாகவே தெரியும் என்று மலேசிய ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். இங்கே வருவது நரம்பின் பக்கம்: மரப்பு, குறுகுறுப்பு, பிடி தளர்வது. குளிர் நாட்டு மருத்துவர் விரலைப் பார்த்தே கண்டுபிடித்ததை இங்கே யாராவது கேட்டால்தான் தெரியும், கேட்க ஆளில்லை. 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்ட அட்டவணையில் அதிர்வால் வரும் நோய்களும் தொழில் நோய்களாக இருக்கின்றன. மாமாவுக்கு அந்தக் குத்தகைக்காரன் சொக்சோ கட்டியதே இல்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவருடைய நோயும் இல்லை. சரவாக்கில் 1987இல் பெனான் மக்கள் பாதையை மறித்து நின்றபோது உலகம் காட்டைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதுதான். ரம்பம் பிடித்த கை எந்தப் பக்கத்துக் கதையிலும் வரவில்லை.

கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்டால் என்ன என்று நண்பன் கேட்டான். இந்த அதிர்வெண்ணில் மெல்லிய உறை ஒன்றும் செய்யாது. இஞ்சினையும் பிடியையும் பிரித்தால்தான் உண்டு, அதற்கு உடலையே மாற்ற வேண்டும். எனவே குழாயைத் தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்து, இருந்தபடியே பூட்டினேன். ஆறாவது இழுப்பில் ரம்பம் பிடித்துக்கொண்டது. பின்வீட்டு ரம்புத்தான் கிளை ஒன்றை அறுத்தேன். ஐந்து நிமிடம்தான். அணைத்த பிறகும் உள்ளங்கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா வாங்கி ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் பிடித்ததெல்லாம் இதைவிடப் பெரியது. “பரவால்லயே, லேசா இருக்கே” என்றார். எண்ணெய் பம்ப் இன்னும் ஒழுகுகிறது. அதற்கு இன்னொரு செத்த எக்ஸ்எல் தேட வேண்டும்.