கேள்வியை யார் எழுதுவது?

1954இல் நடந்த சாலை விபத்தில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் திறந்தது. கைகால் விழுந்தவருக்கு என்ன தேவை என்பதை, கால் விழுந்த ஒருவரே முடிவு செய்த இடம் அது.

பக்கவாத ஆய்வுகளில் அந்த உரிமை நோயாளிக்கு வர வெகுகாலம் ஆயிற்று. ஊர்ப்பக்கம் வாதம் அடித்தவருக்குப் புறா ரத்தம் தடவுவார்கள்; பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். தானே எழுந்து கழிவறைக்குப் போக முடிகிறதா என்று கேட்க இரண்டு இடத்திலும் ஆளில்லை.

ஆய்வில் பொதுமக்களையும் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டன் அரசு 1996இல் ஒரு குழு அமைத்தது. பின்னர் ஸ்காட்லாந்தில் பக்கவாதம் வந்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், சிகிச்சையாளர்கள் எல்லோரும் சேர்ந்து, முதலில் ஆராய வேண்டிய பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் அந்தப் பட்டியல் வெளியானது. கைகால் இயக்கம் முதலிடம் பிடிக்கவில்லை. நினைவும் சிந்தனையும் எப்படித் தெளியும் என்பதே முதல் கேள்வி. நோயாளியைக் கேட்டால் வரிசையே மாறுகிறது.

நம் பக்கத்துக்கு நெருங்கிய உதாரணம் சென்னையில் இருக்கிறது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த சுரேஷ்குமார் கமலகண்ணன், வீடு திரும்பிய நோயாளிகளுக்காக ஸ்மார்ட்போனில் பயிற்சி வீடியோக்களை உருவாக்கினார். என்ன தேவை என்று நோயாளிகளிடமும் குடும்பத்தாரிடமும் கேட்ட பிறகே அந்த வேலை தொடங்கியது. முதலில் 30 பேர் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தார்கள். இணையம் விட்டு விட்டு வருகிறது, வீடியோ நின்று போகிறது, படம் தெளிவில்லை, போனை இயக்கவே சிரமம் எனக் குறைகள் வரிசையாக வந்தன. அவற்றைச் சரிசெய்த பிறகுதான் வேறு 30 பேரின் வீடுகளுக்கு நான்கு வாரத்துக்குத் தந்தார்கள். ஒரு கை விழுந்தவர் மறு கையில் தொடுதிரையோடு எப்படி மல்லாடுவார் என்பது, அவர் கையில் போனைக் கொடுத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்த முதல் 30 பேரை ஆய்வின் பங்காளிகள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வீடியோக்கள் குடும்பத்தின் துணையை நம்பியவை. அதே நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்தது ‘அட்டெண்ட்’ ஆய்வு. நாடெங்கும் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். வீட்டிலிருப்பவருக்கே பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெற்ற குழு, பெறாத குழு இரண்டிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். மருமகளிடமோ மகளிடமோ சொல்லிக்கொடுத்தால் போதும் என்ற எண்ணம் அங்கே அடிவாங்கியது.

சென்னையை அடுத்த தொழில் பகுதியான இருங்காட்டுக்கோட்டைக்கு இந்த முடிவு மிக நெருக்கமானது. 1996இல் ஹூண்டாய் கார் நிறுவனம் இந்தியாவில் கால்வைத்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் அருகே ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. இந்த வட்டாரம் முழுக்க வீட்டை விட்டு வந்தவர்களால் ஓடுகிறது. ஊரில் அப்பாவுக்கு வாதம் வந்தால், பயிற்சி பெற வேண்டிய மகள் இங்கே ஷிப்டில் நிற்கிறாள். வடமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கே வந்தால், அறையில் அவரோடு தங்கியிருப்பவரும் வேலைக்குப் போயாக வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவந்தது. அது ஊரிலிருக்கும் அப்பாவுக்கு உதவும். மகளின் ஷிப்ட் நேரத்தை அது கணக்கில் எடுக்காது. பக்கவாதப் பராமரிப்பில் முனைவர் பட்டத்துக்கு இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், ஆய்வுத் திட்டத்தை எழுதுவதற்கு முன்பே விடுதி வாசலில் ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் பேச வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வீடியோ காலில் அப்பாவுக்கு எந்தப் பயிற்சியைச் செய்துகாட்ட முடியும், எதை முடியாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.