தண்டில் உறைந்த மெழுகு

நாமக்கல், இராசிபுரம் பக்கத்துப் பழைய கத்தோலிக்க இல்லங்களில் பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் இன்றும் உண்டு. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நம் வழக்கமாதலால், இவற்றுள் சிலவற்றின் அடியிலும் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் காணலாம். 1930-இல் உருவான நம் சேலம் மறைமாவட்டத்தின் குடும்ப வரலாற்றுக்கு அவ்வெழுத்துகளும் ஆவணங்களே. அவற்றைத்தான் நாம் மெழுகோடு சேர்த்துக் கத்தியால் சுரண்டி வருகிறோம்.

முன்னாளில் ஆலயத் திரி என்றால் தேன்மெழுகுத் திரியே. 1830-இல் ரைகன்பாக் கண்டறிந்த பாரபின், பின்னர் மலிந்து எங்கும் பரவிற்று. ஆயினும் பாஸ்கா திரியும் திருப்பலித் திரிகள் இரண்டும் பெரும்பகுதி தேன்மெழுகாய் இருத்தல் வேண்டும் என 1904-இல் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் விதித்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். பாரபின் திரிகள் பெரும்பாலும் அதற்கும் குறைவிலேயே இளகும். எதுவாயினும் சுடுநீர் போதும், கத்தி வேண்டா.

அண்டாவில் சுடுநீர் ஊற்றித் தண்டைக் கிடத்தினால் மெழுகு இளகி மேலே மிதக்கும். ஆறியபின் ஏடாக எடுத்துவிடலாம். (சூட்டோடு கொட்டிக் கழிநீர்க் குழாயை அடைத்த அனுபவம் நமக்கும் உண்டு.) எஞ்சிய பிசுக்கைப் பழந்துணியால் துடைக்க வேண்டும். அடிப்பாகம் ஒட்டவைக்கப்பட்ட தண்டுகளை நீரில் இடாமல், சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிவைப்பதே நன்று.

புளி அதன் பிறகே. அதன் அமிலம் களிம்பைக் கரைக்குமேயன்றி மெழுகைத் தொடாது. அடிக்கடி தேய்த்தால் எழுத்தும் மெலியும். ஆதலின் புளியைக் கையில் எடுக்குமுன், அப்பெயரையும் ஆண்டையும் குடும்ப விவிலியத்தின் முதல் ஏட்டில் எழுதிக்கொள்வோம்.