உயிர்ப்பாறையில் முளைத்திருப்பது என்ன?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பாறையின் நிழற்பக்கத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஏதோ ஒன்று, கீழே, “சுரண்டி எடுக்கவா?” என்ற கேள்வி. வெள்ளவத்தை அடுக்குமாடியிலிருந்தும் வரும், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும். பேலியகொடையில் என் தொட்டியிலும் நான்கு வகை இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை. அநேகமாக அது கடற்பஞ்சுதான். அநேகமாக என் பதிலும் ‘கை வைக்க வேண்டாம்’ என்பதுதான். ஆனால் எல்லா வேளையிலும் அல்ல.

உயிர்ப்பாறை என்பது கடலில் கிடந்து, துளைகளெங்கும் உயிர்கள் குடியேறிய பழைய முருகைக்கல். அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு துணுக்குப் பஞ்சு, மாதங்கள் கழித்து வெளியே தெரியத் தொடங்கும். நீரை உறிஞ்சி, பற்றீரியாவையும் நுண்துகள்களையும் வடித்துத் தின்பது அதன் வேலை. திடீரெனப் பெருகினால், மீனுக்குத் தீனி கூடுதலாகப் போகிறதா என்று பாருங்கள்.

முதலில் அது பஞ்சுதானா? ஊசி கழற்றிய சிரிஞ்சால் நீரை மெதுவாகப் பீச்சுங்கள். இரண்டு வாய்கள் உள்ள பை போன்ற உயிர் சட்டென்று சுருங்கினால் அது கடற்பீச்சி. படலமாகக் கிழிந்து பறந்தால் நீலப்பச்சைப்பாசி. பஞ்சுக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. அது அப்படியே இருக்கும்.

அடிக்கடி காணப்படுவது சைக்கன். ஒரு சென்றிமீற்றருக்குள், வெண்மஞ்சள் நிறத்தில், உச்சியில் சிறு குடுமியுடன் அன்னாசிக் குஞ்சு போல இருக்கும். வடிகட்டித் தொட்டியின் இருட்டில் நூற்றுக்கணக்கில் வரும். தீங்கில்லை, தானாகவே குறையும். கபில நிறத்தில் கோழி ஈரல் போல வழவழப்பாகப் படர்ந்தால் கொன்றில்லா என்று ஊகிக்கலாம். பாறைத் துளைகளிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள் பொட்டுகளாக எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் கிளியோனா. இது சுண்ணாம்பைக் குடைந்து உள்ளே வாழ்வது. மன்னார் முத்துச்சிப்பிகளையும் இவ்வினங்கள் துளைத்தன. பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இலங்கையில் சேகரித்த பஞ்சுகளை ஆராய்ந்த ஆதர் டெண்டி, 1905இல் வெளியிட்ட அறிக்கையில் அப்படியொரு கிளியோனாவுக்கு முத்துச்சிப்பியின் பெயரையே சூட்டினார். வெறும் பாறையில் இருந்தால் விட்டுவிடலாம். உயிருள்ள முருகையின் அடியில் என்றால் கவனம் தேவை.

நிறத்தை மட்டும் நம்பி இனம் சொல்ல முடியாது. ஒரே இனம் வெளிச்சத்தில் ஒரு நிறம், இருட்டில் வேறு நிறம். நிச்சயமாகச் சொல்பவை பஞ்சின் உடலிலுள்ள நுண்முட்கள். கையுறை போட்டு (சில பஞ்சுகளின் முட்கள் கண்ணாடித்தூள் போலத் தோலில் ஏறும்) அரிசியளவு துண்டை வெட்டி, துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் ஊறவிடுங்கள். சதை கரைந்து முட்கள் அடியில் தங்கும். பலமுறை நன்னீரில் கழுவி, பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலே போதும். இன்னொரு துண்டை வேறு பாத்திரத்தில் வினாகிரியில் இட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு முட்கள், சைக்கனின் கூட்டம். ஆனால் பாறைத்துகள் ஒட்டியிருந்தாலும் நுரைக்கும். குளோரினையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். கொன்றில்லாவின் முட்கள் நட்சத்திர வடிவானவை. முள்ளே இல்லாத பஞ்சுகளும் உண்டு; குளிக்கப் பயன்படுத்தும் பஞ்சு அந்த வகை.

நான் அஞ்சுவது ரேர்பியோஸ் ஹொஷினோட்டாவுக்கு மட்டும். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத விரிப்பாக, உயிருள்ள முருகையின் மேலேயே ஏறி அதைக் கொன்றுவிடும். 1970களில் குவாம் தீவில் கவனிக்கப்பட்டது. பின்னர் நம் மன்னாருக்கு அப்பால், பாக்கு நீரிணையின் இந்தியப் பக்கத்திலும் பதிவானது. இதன் முள் தலையுள்ள குண்டூசி போன்றது. கிளியோனாவுக்கும் குண்டூசி முள்தான். ஆனால் அது கல்லுக்குள் இருக்கும், இது கல்லின் மேல் போர்வையாகக் கிடக்கும்.

அகற்றியே தீரவேண்டுமானால் தொட்டிக்குள் வைத்துச் சுரண்டாதீர்கள். பஞ்சைத் துணியில் பிழிந்து கலங்களாகப் பிரித்தாலும் அவை மீண்டும் கூடி உயிராகும் என்று 1907இல் வில்சன் காட்டினார். உதிரும் துணுக்கெல்லாம் புதுப் பஞ்சாகலாம். இறந்த பஞ்சு அழுகி அமோனியா ஏறும். கல்லோடு வெளியே எடுத்து, உளியால் அந்தப் பகுதியையே உடைத்தெடுங்கள். ரேர்பியோஸ் என்று சந்தேகித்தால் அந்தக் கல் திரும்பத் தொட்டிக்குள் போகக் கூடாது. கடலுக்குள்ளும் போகக் கூடாது. காயவைத்து, குப்பையில் போடுங்கள். இனம் தெரிய வேண்டுமானால், களனி ஆற்றைக் கடந்தால் மட்டக்குளி காக்கைதீவில் நாரா நிறுவனம் இருக்கிறது. துண்டை மதுசாரத்தில் இட்டுக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

விற்பவரிடம் கல் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் வைத்திருப்பதையும், கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. “நம்ம கடல் கல்லுதான்” என்று பதில் வந்தால் நான் வாங்குவதில்லை. செயற்கையாக வார்த்த கல்லிலும் சில மாதங்களில் பற்றீரியா குடியேறிவிடும். பஞ்சு வரத் தாமதமாகும், அவ்வளவுதான்.