மெகாஹெர்ட்ஸும் விக்கிரவாண்டி டோல்கேட்டும்

1993 மார்ச்சுல இன்டெல் பென்டியம் வந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர் 30ல தென்னாற்காட்டுல இருந்து பிரிஞ்சு எங்க விழுப்புரம் மாவட்டம் வந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லதான் :-) ஆனா 2008ல விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகள் வந்தப்புறம், எங்க பக்கத்து வீடுகள்ல ஒரு கேள்வி அடிக்கடி வருது. "தம்பி, பையன் இன்ஜினியரிங் சேந்திருக்கான், எந்த பிராசசர் வாங்கலாம்?" சீட்டு எடுத்து வாங்குறாங்க. நாலு வருஷம் தாங்கணும். அதனால கொஞ்சம் வரலாறு பேசுவோம்.

முதல்ல இருந்த கேள்வி, "கோ-பிராசசர் இருக்கா?" தசமக் கணக்கு போட தனி சில்லு வேணும். 1987ல வந்த ஆட்டோகேட் 9ம் வெளியீடு அது இல்லாம ஓடவே ஓடாது. 1989ல வந்த 486டிஎக்ஸ்ல அது உள்ளேயே இருந்துச்சு. 1991ல வந்த 486எஸ்எக்ஸ்ல இல்ல. ஒரு எழுத்து பாக்காம வாங்கினா போச்சு!

அப்புறம் "கணக்கு சரியா போடுதா?" 1994ல பென்டியம் சில எண்களை வகுக்கும்போது தப்பு விடை தருதுன்னு தாமஸ் நைஸ்லிங்கற கணிதப் பேராசிரியர் கண்டுபிடிச்சார். இன்டெல் அதுக்கு ஒதுக்கின தொகை 47.5 கோடி டாலர்.

மூணாவது, மெகாஹெர்ட்ஸ் பைத்தியம். 2000ல வந்த பென்டியம் 4ல ஒரு கட்டளை 20 படி தாண்டணும். 2004ல வந்த பிரெஸ்காட்ல 31. படி கூடக் கூட கடிகார வேகத்தை ஏத்தலாம். ஆனா சூடும் ஏறுச்சு. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை அந்த அக்டோபர்லயே கைவிட்டாங்க. 2006ல 2.4 கிகா கோர் 2 டியோ, 3.73 கிகா பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனை பெரும்பாலான சோதனைகள்ல முந்திருச்சு. பெட்டி மேல இருக்கற எண்ணு வேற, செய்யற வேலை வேறன்னு ஊருக்கே புரிஞ்சது அப்பதான்.

இப்போ "எத்தனை கோர்?" இங்கயும் அதே கதைதான். பொங்கலுக்குத் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போனவங்களுக்கு விக்கிரவாண்டி டோல்கேட் தெரியும். கவுண்டர் கூடினா க்யூ குறையும். ஆனா ஒத்தை வண்டி ஒரு கவுண்டரைத் தாண்டற நேரம் மாறாது. 1967லயே ஜீன் ஆம்டால் இந்தக் கணக்கைச் சொல்லிட்டார். வேலையில பத்துல ஒரு பங்கு பிரிக்க முடியாததா இருந்தா, எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்குக்கு மேல வேகம் வராது.

பொறியியல் படிக்கிற பசங்களுக்கு இதுதான் முக்கியம். கேட் மாடல் வரையறது பெரும்பாலும் ஒத்தை வண்டி. ஒரு அம்சம் முடிஞ்சாதான் அடுத்தது. அதுக்கு ஒவ்வொரு கோரும் வேகமா இருக்கணும். ரெண்டரிங் முழுக்க க்யூ, கோர் கூடக் கூட நல்லது. அழுத்தப் பகுப்பாய்வு மாதிரி வேலைகள் நடுவுல. கோரும் வேணும், நினைவகத்துல இருந்து தரவு வர்ற வேகமும் வேணும். பத்து ஜன்னல் திறந்து வெச்சு வேலை பாக்கறவங்க முதல்ல ரேம் கூட்டிக்கட்டும்.

ஆக, ரிச்சி தெரு கடைக்காரர் "இதான் சார் லேட்டஸ்ட்"னு சொல்றதுக்கு முன்னாடி, பையன் எந்த டிபார்ட்மென்ட், எந்த சாஃப்ட்வேர்னு கேட்டுட்டு கிளம்புங்க. பட்டியலைத் தேடறது அப்புறம்.