கார்டுகளை இனங்காணுதலும் பெயரிடலும்

மேற்கத்திய இசையில் மூன்றோ அதற்கு மேலோ சுரங்கள் ஒருசேர ஒலிப்பது கார்டு. அது எந்தச் சுரத்தின் மேல் எழுந்தது, மற்றச் சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்னும் இரண்டையும் அதன் பெயர் சொல்லிவிடும். ‘டி மைனர்’ என்றால் டி அதன் ரூட், அதாவது வேர்ச்சுரம். மைனர் என்பது வகை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மூன்று சுரங்கள் கொண்ட ட்ரையட். வேர்ச்சுரம், அதற்கு மூன்றாவது, ஐந்தாவது என எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் போதும்: சி, இ, ஜி அல்லது டி, எஃப், ஏ. வகையை அரைச்சுரக் கணக்கு தீர்மானிக்கிறது. கிடாரில் ஒரு ஃபிரெட் நகர்ந்தால் ஓர் அரைச்சுரம். கீழிருந்து எண்ணும்போது 4, 3 என இடைவெளி வந்தால் மேஜர். 3, 4 வந்தால் மைனர். இரண்டும் 3 என்றால் டிமினிஷ்டு. இரண்டும் 4 என்றால் ஆக்மென்டெட். கர்நாடக சங்கீதம் அறிந்தவர்கள் ச, ப இரண்டோடு அந்தர காந்தாரம் சேர்ந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் சேர்ந்தால் மைனர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ச, ப மட்டும் ஒலிக்கும் சுருதிப்பெட்டி இரண்டிலும் சேராது. ராக் கிடார்க்காரர்களின் ‘பவர் கார்டு’ம் காந்தாரம் இல்லாத இதே இணைதான்.

சிக்கல் தொடங்குவது வேர்ச்சுரம் அடியில் இல்லாதபோது. இ, ஜி, சி என்று கீழிருந்து ஒலித்தாலும் அது சி மேஜர்தான். இ-யில் தொடங்குவதால் அதை முதல் இன்வெர்ஷன் என்பார்கள், கிடார் தாள்களில் சி-க்குப் பின் சாய்கோடிட்டு இ என்று எழுதுவார்கள். ஒரு மேஜர் அல்லது மைனர் ட்ரையட் இப்படி நெருக்கமாகத் திருப்பி அடுக்கப்பட்டிருந்தால் அதில் 5 அரைச்சுர இடைவெளி ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த இடைவெளியின் மேற்சுரமே வேர்ச்சுரம்.

திருப்பினாலும் அதே கார்டுதான் என்னும், இன்று எளிதாகத் தோன்றும் இந்த எண்ணம் எப்போதும் இருந்ததல்ல. பரோக் காலத்தில் பாஸ் சுரத்தின், அதாவது அடிச்சுரத்தின், கீழ் எண்களைக் குறித்துக் கொடுப்பார்கள். கீபோர்டு வாசிப்பவர் அந்தச் சுரத்திலிருந்து எண்ணி மற்றவற்றை நிரப்புவார். அந்த முறையில் சி மேஜரும் அதன் இன்வெர்ஷனும் வெவ்வேறு குறியீடுகள். ஜெர்மானியர் யோகான்னஸ் லிப்பியுஸ் 1612-லேயே ட்ரையட்டை ஒரே அலகாக விளக்கியிருந்தாலும், எங்கு திருப்பினாலும் வேர் மாறாது என்பதைக் கோட்பாடாக நிலைநிறுத்தியது ழான்-ஃபிலிப் ராமோ 1722-இல் பாரிசில் வெளியிட்ட ஹார்மனி நூல்.

நான்காவது சுரம் ஏறும்போது பெயரிடும் மரபு கொஞ்சம் கோணலாகிறது. ‘ஜி செவன்’ என்றால் ஜி, பி, டி, எஃப். அதாவது மேஜர் ட்ரையட்டின் மேல் வேர்ச்சுரத்திலிருந்து 10 அரைச்சுரம் தள்ளிய சுரம். எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப் வைத்தால் ‘ஜி மேஜர் செவன்’. இங்கே ‘மேஜர்’ என்ற அடைமொழி ட்ரையட்டுக்கு உரியதல்ல, ஏழாவது சுரத்துக்கு உரியது. ஆனால் ‘ஜி மைனர் செவன்’ என்பதில் ‘மைனர்’ மூன்றாவது சுரத்தைக் குறிக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. குறை மரபிலேயே இருக்கிறது.

எண்ணி முடித்தாலும் பெயர் முடிவாகாத இடங்கள் உண்டு. ஏ, சி, இ, ஜி நான்கும் ஏ மைனர் செவன்; அவையே சி சிக்ஸ்த்தும். பாஸில் எது ஒலிக்கிறது, அடுத்து எந்தக் கார்டு வருகிறது என்று பார்த்தே சொல்ல முடியும். டிமினிஷ்டு செவன்த் இன்னும் வழுக்கும்: எல்லா இடைவெளியும் 3 என்பதால் நான்கில் எதையும் வேராகக் கொள்ளலாம். கீபோர்டில் 12 சுரங்களுக்கும் சேர்த்து இவ்வகையில் மூன்று மட்டுமே உண்மையில் வேறுபட்டவை. அங்கே எழுத்துதான் வழிகாட்டி. பி, டி, எஃப், ஏ ஃப்ளாட் என்று எழுதினால் பி வேராகி சி மைனரை நோக்கிச் செல்லும். அதே ஏ ஃப்ளாட்டை ஜி ஷார்ப் என்று எழுதினால் ஜி ஷார்ப் வேராகி ஏ மைனரை நோக்கித் திரும்பும்.

பாடலின் ஸ்கேலுக்குள் கார்டின் இடத்தைச் சொல்ல ரோமன் எண்கள் பயன்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்ஃப்ரீட் வெபரின் நூல்கள் இம்முறையைப் பரப்பின. மேஜர் ஸ்கேலில் 1, 4, 5 ஆகிய இடங்களில் மேஜர் வரும், 2, 3, 6-இல் மைனர், 7-இல் டிமினிஷ்டு. அதனால் ஜி மேஜர் என்னும் ஒரே கார்டு சி ஸ்கேலில் ஐந்தாவது, டி ஸ்கேலில் நான்காவது.